தானாய் வந்த தலைமை என்னும் கதை

சம்பளம் இல்லாமல் கட்டற்ற மென்பொருள் எழுதும் குழுக்களில் தலைமை எப்படி அமைய வேண்டும், சண்டை வந்தால் யார் தீர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பதில் ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. வேலை செய்பவரே தலைவர். தேர்தல், பதவிக்காலம், விதிப்புத்தகம் எல்லாம் அலுவலகத்துக்கு உரியவை, தன்னார்வலருக்கு ஆகாது. சண்டை என்பது சிலருடைய ஈகோ. நல்ல மனசிருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தீராவிட்டால் நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம், உரிமம் அதற்குத்தானே இடம் தருகிறது. பெங்களூரு மாநாட்டு மேடையிலும் சொல்வார்கள், தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் டீ குடிக்கும் இடத்திலும் சொல்வார்கள். இந்தப் பதிலின் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் இது தவறு. சிறிய குழுக்களைக் கொல்லும் அளவுக்குத் தவறு.

இந்த நம்பிக்கை ரொம்பப் பழையதும் இல்லை. 1997இல் எரிக் ரேமண்ட் எழுதிய ‘பேராலயமும் சந்தையும்’ என்ற கட்டுரை, யார் வேண்டுமானாலும் வந்து கை வைக்கலாம் என்று சந்தை போலத் திறந்து விட்டதே லினக்ஸ் கருநிரலின் வெற்றிக்குக் காரணம் என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு எழுதிய தொடர்ச்சியில், ஒரு திட்டத்தைத் தொடங்கி நடத்துபவருக்கே அதன்மேல் உரிமை என்பது இந்தச் சமூகத்தின் எழுதப்படாத வழக்கம் என்று அவர் விவரித்தார். பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமுக்கு அதற்கும் முன்பே, 1995இல், ‘ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்ற பட்டத்தைக் கிண்டலாகச் சூட்டியிருந்தார்கள். கிண்டல் நாளடைவில் கோட்பாடாகிவிட்டது. கேட்டவர்கள் அதை உலக வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுக்க முடியாத உண்மை ஒன்று இதில் உண்டு. சம்பளம் வாங்காதவரை யாரும் வேலை ஏவ முடியாது. பகல் முழுக்க ஒரகடத்துத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் வாலாஜாபாத் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்தியைச் சரிசெய்யும் இளைஞரிடம், ‘வெள்ளிக்கிழமைக்குள் முடி’ என்று சொல்ல எந்தத் தலைவருக்கும் வாயில்லை. சொன்னால் அவர் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போவார். ஆகவே தன்னார்வக் குழுவில் அதிகாரமும் இல்லை, விதிக்கும் வேலை இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். சறுக்கல் அங்கேதான். வேலை ஏவும் அதிகாரம் இல்லையே தவிர, செய்த வேலையை ஏற்கவும் தள்ளவும் ஆன அதிகாரம் முழுசாக இருக்கிறது. களஞ்சியத்தில் யாருடைய பேட்ச் (நிரல் திருத்தம்) சேரும், தளத்தின் கடவுச்சொல் யாரிடம், நன்கொடை எந்த வங்கிக் கணக்கில் விழும், குழுவிலிருந்து யாரை நீக்கலாம்: இவ்வளவும் அதிகாரம். விதி தேவைப்படுவது இந்தச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பவருக்கு. வேலை செய்பவருக்கு அது பாதுகாப்பு.

சிறிய குழு ஒன்றின் வரலாறு பெரும்பாலும் இப்படிப் போகும். கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு எழுத்துரு மாற்றி செய்வார்கள். ஒருவர் தன் கார்டில் சில நூறு ரூபாய் கட்டி டொமைன் பெயர் வாங்குவார். களஞ்சியம் அவருடைய கணக்கில்தான் தொடங்கும், அன்று அவருடைய கணினிதான் திறந்திருந்தது. யாரும் அவரைத் தலைவர் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சில வருடம் கழித்து அவருக்கு வெளிநாட்டில் வேலை, கல்யாணம், குழந்தை. மற்றவர்கள் அனுப்பும் பேட்ச் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். டொமைன் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவர் திறக்காத முகவரிக்குப் போகும். ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் ஆடிக்கொண்டிருக்கும். வாட்சப் குழுவில் அன்றைக்குத்தான் முதல் சண்டை. ‘இத்தனை வருஷம் என் காசுதானே போச்சு?’ என்பார் அவர். ‘எங்க உழைப்புக்கு என்ன கணக்கு?’ என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. இங்கே கெட்டவர் யாரும் இல்லை, ஈகோ பிடித்தவரும் இல்லை. ‘இந்தப் பொறுப்பு ஒரு வருடத்துக்கு, அதற்குப் பிறகு அடுத்தவருக்கு’ என்று முதல் நாளில் அரைப் பக்கம் எழுதாததுதான் முழுக் காரணம்.

அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தில் இருந்த ஜோ ஃப்ரீமன் இதை 1970இலேயே ‘அமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ என்ற கட்டுரையில் பிரித்துக் காட்டிவிட்டார். தலைவர் வேண்டாம், அமைப்பு வேண்டாம் என்று தொடங்கிய பெண்கள் குழுக்களில் நண்பர் வட்டம் ஒன்று ஓசையில்லாமல் முடிவுகளை எடுத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். அமைப்பில்லாத குழு என்று ஒன்று கிடையாது. அமைப்பு எழுத்தில் இல்லாவிட்டால் சிலருடைய மனதில் இருக்கும், அவ்வளவுதான். மனதில் இருப்பதை எதிர்த்துக் கேள்வி கேட்க வழி இல்லை. தலைவரே இல்லை என்னும்போது யாரைப் போய்க் கேட்பது?

தானாக வரும் தலைமை யாரிடம் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓய்வு நேரம் உள்ளவரிடம் வருகிறது. ஆங்கிலத்தில் தடங்கலின்றி எழுதுபவரிடம், நல்ல இணைய வேகமும் தனி அறையும் உள்ளவரிடம், இரவு வெளியே போய் வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஆணிடம் வருகிறது. காஞ்சிபுரம் பக்கத்து நெசவு வீட்டில் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. நெய்பவர் நடுவில் இருக்க, ஒரு பக்கத்துக் கரை நாடாவைக் கொடுத்து வாங்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு இழையிலும் உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும், அதனால் ஒருவர் எழுந்தால் தறி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பக்கத்தில் உட்காரும் பெண், நிரல் எழுதுவதில் கெட்டிக்காரியாக இருக்கலாம். ஆனால் இரவு பன்னிரண்டு மணி விவாதத்தில் நாற்பது பதில் எழுதி ‘இயல்பான தலைவராக’ எழும்ப அவருக்கு நேரம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாக்கெடுப்பு என்று எழுதி வைத்த குழுவில் அவருக்கு ஒரு வாக்காவது உண்டு. ‘செய்பவரே தலைவர்’ என்னும் குழுவில் அதுவும் இல்லை.

அதே தறியில் இன்னொன்றும் தெரியும். எந்த நாடா யார் கையில் என்பது பாவு ஏற்றும்போதே முடிவாகிவிடும். நெய்து கொண்டே போகட்டும், கரை யாருக்கு என்பது தானாகத் தெரியவரும் என்று எந்த நெசவாளரும் காத்திருப்பதில்லை.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். முன்பு சபை கூடிய மண்டபம் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலாக நிற்கிறது. அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. குடவோலை பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படிக்காத தமிழர் இல்லை, மேடையில் பெருமை பேசாத அரசியல்வாதியும் இல்லை. பேசுபவர்கள் பெரும்பாலும் குடத்தோடு நின்றுவிடுகிறார்கள். கல்வெட்டின் உயிர் இருப்பது கணக்கில்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்க மேலே தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படும். மத்தியஸ்தன் அந்த ஓலையை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏன் என்று சீட்டாட்டம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிறகு அவர் பெயரை வாசிப்பார், அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிப்பார்கள். இப்படி எடுத்த முப்பது பேரில் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கு, பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் ஓலையில் ஏறாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் செய்தால் அப்போதே நீக்கம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. தாயின் சகோதரிகளின் மக்கள், தந்தையின் சகோதரி மக்கள், மாமன், மைத்துனன் என்று உறவு உறவாகக் கல்வெட்டு பட்டியல் போடுகிறது. ‘நான் போகிறேன், என் மைத்துனன் வரட்டும்’ என்ற வித்தை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது போலும். ஏரியில் வண்டல் எடுக்கும் பொறுப்பு ஒருவர் கையில் நிலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. அதனால் நல்ல மனிதரைத் தேடுவதில் காலத்தைக் கழிக்காமல், யார் வந்தாலும் 360 நாளில் கணக்கு ஒப்படைத்துவிட்டு எழுந்து போகும்படி வழி செய்தார்கள்.

இந்தச் சபையைப் பற்றிப் பாதி சொல்லி நிறுத்துவதும் பொய்தான். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இல்லாதவருக்கு ஓலையில் இடமில்லை. ஏரியை வெட்டிய கைகளுக்கும் நிலத்தை உழுத கைகளுக்கும் இடமில்லை. மக்களாட்சி என்று அதைக் கொண்டாடுபவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போகிறார்கள். இருந்தாலும் யாரை விலக்கினார்கள் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? எழுதி வைத்ததால் தெரிகிறது. எழுதாத குழுவும் விலக்கத்தான் செய்கிறது. ஆங்கிலம் தடுமாறுபவரை, கேள்வி கேட்கக் கூச்சப்படுபவரை, பெண்பெயர் கொண்டவரை விலக்குகிறது. சுவரில் எழுதியில்லாததால், அப்படி ஒன்றும் இல்லையே என்று எளிதாகக் கைவிரிக்கவும் முடிகிறது.

இனி நல்லெண்ணச் சர்வாதிகாரிக்கு வரலாம். லினக்ஸைப் பார், லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருவர்தான் முடிவெடுக்கிறார், உலகமே அதன்மேல் ஓடுகிறது என்பது வழக்கமான சான்று. சான்று காட்டுபவர்கள் கருநிரலுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. எந்தப் பகுதிக்கு எவர் பொறுப்பு என்று பெயர் பெயராக எழுதிய பராமரிப்பாளர் பட்டியல் அங்கே ஒரு கோப்பாகவே இருக்கிறது. பேட்ச் அந்தப் பகுதிப் பொறுப்பாளர்கள் வழியாகப் படிப்படியாக மேலே போகும். அங்கே எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள், ஆகவே தன்னார்வக் குழுவுக்கு அது உதாரணமே இல்லை. சர்வாதிகாரியின் நாவன்மையோ உலகப் பிரசித்தம். 2015இல் சண்டையைக் கையாள ஒரு சிறு குறிப்பு எழுதிப் பார்த்தார்கள், போதவில்லை. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார், அதே நேரத்தில் நடத்தை விதிகள் வந்தன. அவர் ஒதுங்கியிருந்தபோது 4.19 பதிப்பை அக்டோபரில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். ஒன்றும் இடிந்து விழவில்லை. லினக்ஸ் ஓடுவது சர்வாதிகாரத்தால்தான் என்ற கட்சிக்கு அந்த ஒரு மாதம் பெரிய அடி.

பைத்தான் கதை இன்னும் தெளிவு. கணக்கீட்டுக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பு ஏற்றும் ஒரு குறியீடு வேண்டுமா வேண்டாமா என்று பெரிய தகராறு. 572ஆம் எண் கொண்ட அந்த முன்மொழிவை ஏற்றபின், 2018 ஜூலை 12 அன்று வான் ரோசம் பதவியை விட்டார். ஒரு சிறு குறியீட்டுக்காக இவ்வளவு போராடி, கடைசியில் இத்தனை பேர் தன் முடிவை வெறுப்பதைப் பார்க்கச் சலித்துப்போனது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வாரிசையும் அவர் நியமிக்கவில்லை. சர்வாதிகாரி முறையை வெளியிலிருந்து புகழ்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். மைய நிரலாளர்கள் பல திட்டங்களை எழுதி, விவாதித்து, டிசம்பரில் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு என்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐவரில் இருவருக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் குழுவையே நீக்கலாம். முக்கியப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு புதுத் தேர்தல். 2019 தொடக்கத்தில் அமைந்த முதல் குழுவின் ஐவரில் வான் ரோசமும் ஒருவர்; இந்த முறை வாக்கு வாங்கி வந்தவர். விதி வந்தால் உற்சாகம் வற்றிவிடும் என்றார்கள். பைத்தானில் எதுவும் வற்றவில்லை.

‘செய்பவரே தலைவர்’ என்ற சூத்திரத்துக்கு மிகப் பெரிய சோதனை 2024இல் வந்தது. தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவியை லாஸ்ஸே கொலின் என்பவர் ஏறத்தாழத் தனியாளாகச் சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். 2022இல் முன்பின் அறியாத பெயர்களில் சிலர் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடு என்று நச்சரித்தார்கள். தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் அவர் எழுதினார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, ஒழுங்காக, பேட்ச் மேல் பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்தார், நம்பிக்கை பெற்றார், பதிப்பு வெளியிடும் உரிமையும் பெற்றார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சர்வர்களுக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி ஒளிந்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, சர்வரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உழைப்பே தகுதி என்ற அளவுகோலில் ஜியா டான் முதல் மதிப்பெண். விதிப்புத்தகம் இருந்திருந்தால் இது நிச்சயம் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெளியீட்டுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் கள்ளனுக்கு வேலை இரட்டிப்பாகியிருக்கும். களைத்தவர் பொறுப்பை இன்னாரிடம் இறக்கி வைக்கலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால், நச்சரித்தவர்களுக்குப் பிடி கிடைத்திருக்காது.

பிடிக்காவிட்டால் பிரிந்து போ என்ற அறிவுரைக்கும் வரலாறு அவர்கள் நினைக்கும் சாட்சி சொல்வதில்லை. வெற்றி பெற்ற பிரிவுகளை எடுத்துப் பார்க்கலாம். ஜிசிசி தொகுப்பியிலிருந்து 1997இல் பிரிந்தவர்கள் வழிநடத்தும் குழு ஒன்று அமைத்தார்கள், 1999இல் அவர்களுடையதே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது. ஓப்பன் ஆஃபிஸிலிருந்து 2010இல் பிரிந்த லிப்ரே ஆஃபிஸ், உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளையைக் கட்டியது. நோட் ஜேஎஸ்ஸிலிருந்து 2014 இறுதியில் ஐஓ ஜேஎஸ் பிரிந்ததே ஒரு நிறுவனத்தின் பிடியில் திட்டம் இருந்த எரிச்சலால். திறந்த நிர்வாக விதிகளோடு மறு ஆண்டே இரண்டும் ஒன்றாயின. இவர்கள் எல்லோரும் விதி வேண்டும் என்பதற்காகப் பிரிந்தவர்கள். விதி வேண்டாம் என்பவர்கள் இவர்களைச் சாட்சிக்கு அழைப்பது வேடிக்கை.

பிரிந்து வென்ற அவர்களிடம் ஆள்பலமும் இருந்தது. தமிழில் ஒரு கருவியைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். ஐந்து பேர் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு குழு கிடைக்காது, கைவிடப்பட்ட களஞ்சியம் இரண்டு கிடைக்கும். அவரவர் வழியில் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் ஏற்கெனவே ஒரு முறை அனுபவித்துவிட்டது. தொண்ணூறுகளில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியாக்கம். ஓர் இதழின் தளத்தைப் படிக்க அந்த இதழின் எழுத்துருவை இறக்க வேண்டும், பக்கத்துத் தளத்துக்கு இன்னொன்று. இல்லாவிட்டால் திரையில் புள்ளியும் கோடுமாக ஏதோ தெரியும். டிஸ்கி, டாப், டாம் என்று பெயர்கள் பெருகின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட பத்தாண்டில் அந்தப் பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகள் எத்தனையோ இன்றும் பழைய கணினிகளில் படிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. பிரியும் உரிமை வேண்டும், அதில் தகராறு இல்லை. அதன் விலையைப் பிரிந்தவர் கொடுப்பதில்லை, வாசகர் கொடுக்கிறார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சண்டை எல்லாம் ஈகோதான் என்ற வாதம் கேட்பதற்கு ஞானம் போல இருக்கும். உண்மையில் அது விசாரணையை மூடிவிடும் வழி. யாரையும் கேவலமாகப் பேசுவதும் பெண்களைத் தொந்தரவு செய்வதும் வேறு கணக்கு, அவற்றுக்கு நடத்தை விதியும் புகார் கேட்க ஆளும் வேண்டும். மற்ற சண்டைகளில் பெரும்பாலானவை, ஒரு விவாதம் எப்போது முடிந்தது, முடித்தவர் யார் என்பது தெரியாததால் எழுபவை. தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுங்காலமாகக் கிரந்த எழுத்துப் பற்றி வாதம் நடக்கிறது. ஹிட்லர் என்பதா, இட்லர் என்பதா என்று தொடங்கினால் மொழிக்கொள்கை, அரசியல், அடையாளம் எல்லாம் வந்துவிடும். இரு பக்கமும் அறிவாளிகள், இரு பக்கமும் நல்லெண்ணம். அங்கே பொது விவாதப் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். பெயரில்தான் பழைய நாட்டாமை வாசனை. பேசியது ஒவ்வொன்றும் தேதியோடு காப்பகத்தில் இருக்கும், நிர்வாகி அணுக்கம் பெறப் பயனர்களின் வாக்கு வேண்டும்.

எழுதிய விதி சண்டைக்கு உதவும் என்பதற்கு எதிர்ச்சான்றாக டெபியன் இயங்குதளத்தைக் காட்டுவார்கள். 1998 டிசம்பரிலிருந்து அவர்களுக்கு எழுதிய அரசியல் சட்டம் உண்டு, ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. அப்படியிருந்தும் 2014இல் கணினி தொடங்கும்போது ஓடும் முதல் நிரல் எது என்பதில் குழு பிளந்தது. எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு என்று நின்று, தலைவரின் கூடுதல் வாக்கால் சிஸ்டம்டி வென்றது. கசப்பில் மூத்தவர்கள் சிலர் விலகினார்கள், தெவுவான் என்ற பிரிவும் தோன்றியது. விதி இருந்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். பயன் இதுதான்: சண்டைக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நிரலாளர்கள் அனைவரும் வாக்களித்தார்கள், ‘இதற்குத் தீர்மானமே தேவையில்லை’ என்ற தெரிவு வென்றது. அதற்கும் ஒரு வாக்கெடுப்பு தேவைப்பட்டது என்று சிரிக்கலாம். ஆனால் தோற்றவர்களுக்குத் தாங்கள் எங்கே, எத்தனை வாக்கில் தோற்றோம் என்பது தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் புதிய பதிப்பு வெளிவந்தது.

எஞ்சுவது வலுவான ஆட்சேபம். விதி என்று வந்தால் சங்கம் வரும், சங்கம் வந்தால் செயலாளர், பொருளாளர், பேனரில் யார் படம் பெரிது என்ற சண்டை வரும். தமிழ்நாட்டில் சங்கம் நடத்தியவர் யாரும் இந்த அச்சத்தைக் கேலி செய்ய முடியாது. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அரசின் தனி அலுவலர்கள் கையில் இருந்த காலங்கள் உண்டு, நெசவாளர் சங்கங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. அந்த வரலாறு எதைக் காட்டுகிறது? ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதி நடந்தபோது சங்கம் கெட்டதாகவா? விதியை நிறுத்தி வைத்தபோதுதான் கெட்டது. 2021 நவம்பரில் ரஸ்ட் மொழியின் நெறியாளர் குழு மொத்தமாக விலகியதும் அதே காரணத்துக்கு: மேலே இருந்த மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக இல்லை. எல்லோருக்கும் விதி, உச்சியில் உள்ளவருக்கு மட்டும் இல்லை என்றால் அது விதியில் சேராது. 2023இல் அங்கே புதிய தலைமைக் குழு அமைந்தது.

வாலாஜாபாத்தில் ஆறேழு பேர் கூடும் குழுவுக்கு டெபியனின் அரசியல் சட்டம் தேவையில்லை. சங்கமாகப் பதிவதென்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்கும் வேண்டும். பதியாவிட்டாலும் அரைப் பக்கம் போதும். டொமைன், களஞ்சியம், வங்கிக் கணக்கு ஒவ்வொன்றின் சாவியும் எந்த இருவரிடம், எந்தத் தேதி வரை. ஒரு விவாதம் எத்தனை நாளில் முடியும், முடியாவிட்டால் எப்படி வாக்கு. பொறுப்பாளர் மீதே புகார் என்றால் யாரிடம் சொல்வது. முக்கியமாக, விலகுபவர் எதை, யாரிடம், எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும். வருவதற்கு வழி எல்லாக் குழுவிலும் இருக்கிறது, போவதற்கு வழி எழுதி வைத்த குழுக்கள் அரிது. களைத்தவர் மானத்தோடு எழுந்து போக வழியில்லாததால்தான் பலர் நாற்காலியிலேயே தூங்குகிறார்கள்.

அவசரப்பட்டு விதியைக் கல்லில் வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாதே என்பது கடைசித் தயக்கம். உத்திரமேரூரில் உண்மையாகவே கல்லில்தான் வெட்டினார்கள். கி.பி. 919இல் பொறித்த விதியில் வாரியத்துக்கு வருபவரின் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே ஆண்டில், 921இல், சபை மறுபடி கூடியது. வயதை 35க்கு மேல், 70க்குள் என்று மாற்றி, யார் யார் வரக் கூடாது என்ற பட்டியலையும் விரித்துப் புதிதாகப் பொறித்தது. இரண்டு கல்வெட்டுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன.